குழந்தைப்பேறு தாமதமானால் கணவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி, மஃரிபு தொழுகைக்குப் பின் ஆண்களுக்கென நடைபெற்ற மருத்துவ விளக்க நிகழ்ச்சியில், சிறுநீரகவியல் அறுவை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

இந்தத் தலைப்பில் பேச இயலுமா என்று நிர்வாகிகள் என்னிடம் கேட்டபோது, சற்றுத் தயங்கியே கேட்டார்கள். பள்ளிவாசல் வளாகத்தில் பேசத்தக்க பொருளா இது என்ற தயக்கம் அது. குளிப்புக் கடமை, தூய்மை ஆகியவை பற்றிய நுட்பமான ஐயங்களை ஸஹாபாப் பெருமக்களும் ஸஹாபிப் பெண்மணிகளும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரடியாகவே கேட்டுத் தெளிவு பெற்றார்கள் என்பதை நாம் அறிவோம். நாணம் ஈமானில் உள்ளது. ஆனால், தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு அது காரணமாகிவிடக் கூடாது. இன்னொன்றும் உண்டு. ஜமாஅத் அலுவலகத்திற்கு வரும் குடும்பப் பிணக்கு மனுக்களுள் 'குழந்தை இல்லை' என்ற காரணத்தால் வருபவையும் இருப்பதாக நிர்வாகிகள் கூறினார்கள். அவற்றில் மனைவியின் மருத்துவக் கோப்பு தடிமனாக இணைக்கப்பட்டிருக்குமாம். கணவர் தரப்பில் ஒரு தாள்கூட இராதாம். அந்த ஒரு தாளைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

திருக்குர்ஆனில் ஸூரத்துஷ் ஷூராவின் 49, 50ஆம் வசனங்களை நீங்கள் அறிவீர்கள். பெண்மக்கள், ஆண்மக்கள், இருபாலரும், பிள்ளைப்பேறின்மை என நான்கு நிலைகளையும் தான் நாடியவருக்கு அளிப்பது இறைவனே என்பது அவ்விடத்தின் கருத்து. அங்கே பிள்ளைப்பேறின்மை பெண்ணுக்கு மட்டும் உரியதாகக் கூறப்படவில்லை. மருத்துவமும் அதையேதான் சொல்கிறது. குழந்தையின்மைக்காக மருத்துவரை நாடும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் கணவர் தரப்புக் குறையும் தனித்தோ, மனைவியின் குறையுடன் சேர்ந்தோ காணப்படுகிறது. வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் குழந்தையின்மைச் சிக்கலுக்கு உள்ளாவோர் ஆறு பேரில் ஒருவர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆகவே இது எங்கோ யாருக்கோ நேர்வது அன்று. இன்று இங்கு அமர்ந்திருப்போரின் குடும்பங்களிலும் இருக்கக்கூடியதே.

ஆண்களிடம் காணப்படும் காரணங்களுள், கண்டறிய எளிதானதும், பல நேரங்களில் சரிசெய்யக் கூடியதும் ஒன்று உண்டு. விதைப்பையில் உள்ள இரத்த நாளங்கள் வீங்கிச் சுருண்டுவிடுவதே அது. மருத்துவர்கள் இதை 'வெரிகோசீல்' என்பார்கள். நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்குக் காலில் வரும் 'வெரிகோஸ் வெயின்' என்னும் நரம்புச் சுருட்டலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே கோளாறு விதைப்பையில் ஏற்பட்டால் அதற்கு இந்தப் பெயர். நாம் பேச்சு வழக்கில் நரம்பு என்று கூறினாலும், உண்மையில் அவை அசுத்த இரத்தத்தை மேலே கொண்டு செல்லும் சிரைகளே. வளைகுடா நாடுகளில் பணியாற்றும் சகோதரர்கள் அங்குள்ள மருத்துவர்கள் 'தவாலீ' என்று சொல்லக் கேட்டிருக்கலாம். 'தாலியா' என்னும் அரபிச் சொல்லுக்குத் திராட்சைக் கொடி என்று பொருள். சுருண்டு பின்னிக் கிடக்கும் கொடியைப் போல நாளங்கள் தோன்றுவதால், இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து வேறு மொழியில் இல்லை. குர்துபாவில் மருத்துவம் செய்த அஸ்ஸஹ்ராவி (கி.பி. 936-1013) அவர்கள் எழுதிய 'கிதாபுத் தஸ்ரீஃப்' முப்பது பாகங்களைக் கொண்டது. அதன் கடைசிப் பாகமான அறுவை மருத்துவப் பகுதியிலேயே இந்த நோய் பேசப்படுகிறது. எனவே இது இக்காலத்து உணவாலோ, கைப்பேசியாலோ புதிதாக வந்த நோய் அன்று.

இது எவ்வாறு ஏற்படுகிறது என்பதைச் சற்று விளக்குகிறேன். விதைகள் ஏன் வயிற்றுக்குள் இல்லாமல் வெளியே பையில் தொங்குகின்றன? உயிரணுக்கள் உருவாவதற்கு உடலின் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குறைவான வெப்பநிலை தேவைப்படுவதே காரணம். அந்தக் குளிர்ச்சியைக் காப்பதில் விதையைச் சூழ்ந்துள்ள சிரைப் பின்னலுக்கும் பங்குண்டு. இச்சிரைகளில் இரத்தம் மேல்நோக்கி மட்டுமே செல்லும்படி அடைப்பிதழ்கள் அமைந்துள்ளன. அவை பழுதானால் இரத்தம் கீழிறங்கித் தேங்குகிறது. நாளங்கள் வீங்குகின்றன. உடலின் வெப்பம் நேராக விதைகளுக்கு வந்து சேர்கிறது. தேக்கத்தினால் உண்டாகும் கழிவுப் பொருள்களும் உயிரணுக்களுக்குக் கேடு செய்கின்றன. இதனால் உயிரணுக்களின் எண்ணிக்கை குறையலாம், ஓட்டம் குன்றலாம், வடிவம் சிதையலாம், அவற்றுள் இருக்கும் மரபுப்பொருளே சேதமுறலாம்.

பத்தில் ஒன்பது பேருக்கு இது இடப்பக்கமே வருகிறது. வலப்பக்கச் சிரை உடலின் பெருஞ்சிரையில் சாய்வாகச் சென்று கலக்கிறது. இடப்பக்கச் சிரையோ, அதைவிட நீளமாக மேலே சென்று, சிறுநீரகச் சிரையில் செங்கோணமாக முட்டுகிறது. ஆற்றில் சாய்வாகக் கலக்கும் வாய்க்காலின் நீரை ஆறே இழுத்துக்கொண்டு போகும். குறுக்காக முட்டும் வாய்க்காலில் நீர் பின்வாங்கித் தேங்கும் அல்லவா, அது போல. வலப்பக்கம் மட்டும் வீக்கம் ஏற்பட்டாலோ, நடுவயதில் திடீரெனத் தோன்றினாலோ, படுத்த பின்னும் வீக்கம் வடியாமல் இருந்தாலோ, வயிற்றிலும் சிறுநீரகத்திலும் கட்டி ஏதும் அந்தச் சிரையை அழுத்துகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

நூறு ஆண்களை எடுத்துக்கொண்டால் சுமார் பதினைந்து பேரிடம் இந்த வீக்கம் இருக்கும். அவர்களுள் பெரும்பாலோர் பிள்ளைகளைப் பெற்று நலமாகவே வாழ்கிறார்கள். ஆனால் குழந்தையின்மைக்காகப் பரிசோதிக்கப்படும் ஆண்களில் நூற்றுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது பேரிடம் இது காணப்படுகிறது. இவ்விரு கணக்குகளையும் சேர்த்தே மனத்தில் வைக்க வேண்டும். முதல் கணக்கை மறந்தால் தேவையற்ற அறுவைக்கு ஆளாவோம். இரண்டாவதை மறந்தால் தேவையான சிகிச்சையை இழப்போம்.

இது பெரும்பாலும் வலிப்பதில்லை. சிலருக்கு நெடுநேரம் நின்றால், பாரம் தூக்கினால், மாலை வேளையில் விதைப்பையில் ஒரு கனமும் மந்தமான வலியும் தோன்றிப் படுத்தால் நீங்கும். இல்லறச் சுகத்தில் எந்தக் குறையும் தெரியாது. இங்கேதான் நம் மக்களிடையே பெரிய குழப்பம் நிலவுகிறது. ஆண்மை வேறு, கருத்தரிக்கச் செய்யும் ஆற்றல் வேறு. இல்லறத்தில் எவ்விதக் குறையும் இல்லாத ஒருவரின் விந்துவில் உயிரணுக்கள் மிகக் குறைவாக இருக்கலாம். அறவே இல்லாமலும் இருக்கலாம். வெளித்தோற்றத்திலும், உடல் வலுவிலும், விந்துவின் அளவிலும் இது தெரியாது. 'எனக்கு ஒன்றும் இல்லை டாக்டர், அவளைப் பாருங்கள்' என்று கூறும் கணவரிடம் நான் கோபப்படுவதில்லை. அவருக்கு யாரும் இந்த வேறுபாட்டைச் சொல்லித் தந்ததில்லை.

தாமதத்தின் விலை என்ன என்பதற்கு ஒரு தம்பதியரைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். மணமாகி ஒன்பது ஆண்டுகள். மனைவிக்கு மூன்று மருத்துவர்களிடம் சிகிச்சை, இரண்டு முறை லேப்ராஸ்கோப்பி, எண்ணற்ற ஊசிகள். துஆக்களும் நேர்ச்சைகளும் தனி. கணவரின் தாயார் இரண்டாம் நிகாஹ் பற்றி உறவினரிடம் பேசத் தொடங்கிய பின்னரே, அந்தப் பெண்ணின் சகோதரர் வற்புறுத்தி மச்சானை அழைத்து வந்தார். அவரை நிற்க வைத்துப் பார்த்த ஒரு நிமிடத்திற்குள், இடப்பக்க வீக்கம் தொடாமலேயே கண்ணுக்குத் தெரிந்தது. உயிரணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. அறுவை நடந்தது, ஆறு மாதத்தில் எண்ணிக்கை இயல்பு நிலையை நெருங்கியது. ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணுக்கு முப்பத்தொன்பது வயதாகிவிட்டது. கருமுட்டைகளின் இருப்பு குறைந்துவிட்டது. அந்த வீட்டில் இன்னும் குழந்தை இல்லை. முதல் ஆண்டிலேயே அந்தக் கணவர் வந்திருந்தால் நிச்சயம் குழந்தை பிறந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அறிவு அல்லாஹ்விடம் உள்ளது. ஆனால் அந்தப் பெண்ணின் மீது இரண்டு முறை கத்தி வைக்கும் முன், கணவரிடம் ஒரு முறை விந்துப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். மருத்துவர்களாகிய எங்கள் தரப்பும் அதை வலியுறுத்தத் தவறிவிட்டது.

பரிசோதனை மிக எளியது. அனுபவமுள்ள மருத்துவர் நோயாளியை நிற்க வைத்துக் கையால் தொட்டுப் பார்ப்பார். மூச்சை அடக்கி முக்கச் சொல்லியும் பார்ப்பார். முக்கும்போது மட்டும் தட்டுப்பட்டால் முதல் நிலை. சும்மா நிற்கும்போதே தட்டுப்பட்டால் இரண்டாம் நிலை. கண்ணுக்கே தெரிந்தால் மூன்றாம் நிலை. கைக்கு எட்டாமல் ஸ்கேனில் மட்டும் தெரிவதும் உண்டு. அதைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன். மருத்துவத் தேவைக்காக, தேவையான அளவுக்கு மறைவிடத்தை மருத்துவரிடம் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கின்றனர்.

அடுத்தது விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாட்கள் இடைவெளி விட்டு மாதிரி தர வேண்டும். ஒரு முறை குறைவாக வந்தால் அதைக் கொண்டே முடிவு செய்யாமல், சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்து போனால்கூட எண்ணிக்கை சில வாரங்களுக்குக் குறையும். உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சம் உயிரணுக்கள், மொத்தத்தில் 42 விழுக்காடு அசைவு, 4 விழுக்காடு இயல்பான வடிவம் ஆகியவை கீழ் எல்லைகள். 'நூற்றுக்கு நான்குதானா நல்ல வடிவம்' என்று பலர் அதிர்ச்சி அடைகிறார்கள். அது இயல்பானதே; கலங்க வேண்டாம். மாதிரியை எடுக்கும் முறையில் மார்க்க அடிப்படையிலான தயக்கம் பலருக்கு உண்டு. மனைவியின் உதவியுடன் வீட்டிலேயே எடுத்து, உடல் சூட்டிலேயே வைத்திருந்து, ஒரு மணி நேரத்திற்குள் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கலாம். இதற்கென உள்ள, உயிரணுவைக் கொல்லும் மருந்து தடவாத சிறப்பு உறையையும் சில மையங்கள் தருகின்றன. சட்டத்தைப் பற்றிய ஐயத்தை நம் இமாம் அவர்களிடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். ஐயத்தைக் காரணம் காட்டிப் பரிசோதனையையே தள்ளிப்போடாதீர்கள்.

நம் சமுதாயத்திற்கே உரிய ஒரு கணக்கையும் இங்கே கூற வேண்டும். தடுப்பு முறை எதுவுமின்றி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. மனைவி முப்பத்தைந்து வயதைக் கடந்தவர் எனில் ஆறு மாதமே போதும். 'சேர்ந்து வாழ்ந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மாத விடுப்பில் வரும் சபுராளி ஒருவர், மணமாகி ஆறு ஆண்டுகளில் மனைவியுடன் இருந்த காலம் மொத்தம் ஆறு அல்லது எட்டு மாதமே. ஒரு மாதச் சுழற்சியில் கருத்தரிக்க ஏற்ற நாட்கள் சுமார் ஆறு; இரண்டு மாத விடுப்பில் அதுவும் பன்னிரண்டு நாட்கள்தாம். அவற்றுள் சில பயணக் களைப்பிலும் விருந்துகளிலும் போய்விடும். இந்த நிலையில் 'ஆறு வருஷமாகியும் மருமகளுக்கு ஒன்றும் இல்லை' என்று கூறுவது கணக்கிலேயே தவறு. அதே வேளையில், விந்துப் பரிசோதனைக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. துபாயிலோ ரியாதிலோ இருக்கும்போதே பரிசோதித்து, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வரலாம்.

இனி சிகிச்சை. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதே இதில் முதன்மையான கேள்வி. வீக்கம் கைக்குத் தட்டுப்பட வேண்டும். விந்துப் பரிசோதனையில் குறை இருக்க வேண்டும். தம்பதியர் குழந்தைக்கு முயன்றும் கிட்டாதிருக்க வேண்டும். மனைவியின் வயதும் கருமுட்டை இருப்பும் சாதகமாக இருக்க வேண்டும். இவை பொருந்தினால் அறுவை பயன் தரும். ஸ்கேனில் மட்டும் தெரியும் வீக்கத்திற்கு அறுவை தேவையில்லை என்பதே இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்களின் முடிவு. விந்து இயல்பாக இருப்பவருக்கும், தொல்லை தரும் வலி இல்லாவிட்டால், தேவையில்லை. ஸ்கேன் அறிக்கையை நீட்டி, 'இதில் போட்டிருக்கிறதே, உடனே ஆபரேஷன் செய்துவிடலாமா' என்று கேட்டு வருவோர் பலர். அவர்களுள் பலரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விந்துவில் உயிரணுவே இல்லாதவர்களின் நிலை வேறு. அங்கே அடைப்பா, உற்பத்திக் குறையா, மரபுக் காரணமா என்று முதலில் ஆராய வேண்டும்.

அறுவையில், வீங்கிய சிரைகளைக் கட்டி அடைத்து, இரத்தம் பின்வாங்குவதைத் தடுக்கிறோம். மற்ற நல்ல நாளங்கள் வழியே இரத்தம் மேலே சென்றுவிடும். வயிற்றின் பக்கத்தில் திறந்து செய்யும் பழைய முறையும், லேப்ராஸ்கோப்பி முறையும் உள்ளன. இன்று சிறந்ததாகக் கருதப்படுவது, அடிவயிற்றுக்குக் கீழே சுமார் ஓர் அங்குலம் திறந்து, நுண்ணோக்கியின் துணையுடன் செய்யும் முறை. விதைக்கு உணவூட்டும் தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் கண்ணால் கண்டு காப்பாற்றிவிட முடிவதால், மீண்டும் வீக்கம் வருவது நூற்றுக்கு ஓரிருவருக்கே. விதைப்பையில் நீர் கோத்தலும் அரிது. கத்தியே இல்லாமல், கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திச் சிரையை உள்ளிருந்தே அடைக்கும் முறையும் உண்டு. பெரும்பாலும் மறுநாளே வீடு திரும்பலாம். பாரம் தூக்குவதைச் சில வாரங்கள் தவிர்க்க வேண்டும். முதல் சில நாட்கள் ருகூஉவும் ஸஜ்தாவும் வலி தந்தால் அமர்ந்து தொழுங்கள்.

பலன் உடனே தெரியாது. ஓர் உயிரணு முழுமை பெறச் சுமார் எழுபது நாட்களுக்கு மேலாகிறது. ஆகவே மூன்றாம் மாதத்தில் முதல் பரிசோதனை, ஆறாம் மாதத்தில் அடுத்தது. விடுப்பில் வந்து அறுவை செய்துகொண்டு, அதே விடுப்பிலேயே நற்செய்தியை எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவார். அடுத்த விடுப்பைக் கணக்கிட்டு அறுவையைத் திட்டமிட வேண்டும். இயன்றால் மனைவியை அங்கு அழைத்துக்கொள்ள வேண்டும்.

வெற்றி எவ்வளவு? அறுவை செய்துகொண்டவரில் மூன்றில் இரு பங்கினருக்கு விந்துவின் தரம் மேம்படுகிறது. குழந்தைப்பேறு அதைவிடக் குறைவு. ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 145 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. நுண்ணோக்கி அறுவை செய்யப்பட்ட பிரிவில் ஓராண்டுக்குள் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் 32.9 விழுக்காடு; அறுவையின்றிக் காத்திருந்த பிரிவில் 13.9 விழுக்காடு. இரு மடங்குக்கும் மேலான வேறுபாடு. ஆனால், அறுவை செய்துகொண்டவரிலும் மூவரில் இருவருக்கு அந்த ஓராண்டில் பலன் கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். 'ஆபரேஷன் செய்தால் குழந்தை கேரண்டி' என்று எவரேனும் கூறினால், அவருடைய அறையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கேரண்டி என்றதும் இன்னொரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. மாதம் ஒரு நாள் ஊருக்கு வந்து லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி, சுவரொட்டி விளம்பரம் செய்து, லேகியமும் சூரணமும் ஆயிரக்கணக்கில் விற்பவர்கள். அடைப்பிதழ் பழுதான சிரையை எந்த லேகியமும் சரிசெய்யாது. அதைவிடக் கேடு, உடற்பயிற்சிக் கூடங்களில் சதை வளர்ப்பதற்காகப் போடப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண்மைக்கான ஹார்மோன்தானே, நன்மைதானே என்று இளைஞர்கள் எண்ணுகிறார்கள். வெளியிலிருந்து அதைச் செலுத்தினால் விதைகளின் சொந்த உற்பத்தி நின்று, உயிரணுக்கள் அறவே இல்லாமற் போகலாம். உயிரணு குறைந்தவருக்கு இந்த ஊசியைச் 'சிகிச்சை' என்று போட்டுவிட்டு அனுப்பப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். புகைப்பழக்கம் உள்ளவர்கள் அதை விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பிள்ளைகளைப் பெற்றோர் இங்கு நிறையப் பேர் இருக்கிறீர்கள். இவ்வீக்கம் பெரும்பாலும் பருவம் எய்தும் வயதில் தோன்றுகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் 'அத்தா, இங்கே ஏதோ வீங்கியிருக்கிறது' என்று கூறினால் அதட்டி வாயடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலோருக்கு ஆண்டுக்கொரு முறை கவனித்து வந்தாலே போதும். அப்பக்கத்து விதையின் வளர்ச்சி மறுபக்கத்தைவிடக் குறைந்து வந்தால் மட்டுமே அறுவையைப் பற்றி யோசிப்போம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், குறிப்பாகச் சென்னை, மதுரை போன்ற ஊர்களில், சிறுநீரகவியல் துறை உண்டு. வசதியற்றவர்கள் அங்கு செல்லத் தயங்க வேண்டாம். செல்லும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுங்கள். மனைவியின் பழைய அறிக்கைகளையும், கணவரின் இரண்டு விந்துப் பரிசோதனை அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையின்மையைக் காரணமாகக் காட்டி விலக்கோ, மறுமணமோ கோரும் மனு இனி அலுவலகத்திற்கு வந்தால், விசாரணையைத் தொடங்கும் முன் கணவரின் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில், மனுவை மூன்று மாதம் தள்ளிவைத்து அவரை அனுப்பி வையுங்கள். அவ்வறிக்கையை அலுவலகக் கோப்பில் வைக்க வேண்டாம். பார்த்துவிட்டு அவரிடமே திருப்பித் தந்துவிடுங்கள். தனியே கேட்க விரும்பும் சகோதரர்கள் இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளியின் வெளிப்புற அறையில் என்னைச் சந்திக்கலாம். பெயரை எழுதிவைக்க மாட்டோம்.